அழித்து எழுதிய பட்டியல்

கல்வராயன் மலையில் ஆடுகளுக்குத் தடுப்பூசி போடும் வண்டிக்காக ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். வண்டி எந்தெந்த ஊரில் நிற்கும் என்ற பட்டியலை, கள்ளக்குறிச்சி அலுவலகத்தில் அஞ்சலை அக்கா அதில் ஏற்றுவார்.

ஒருநாள் மலையிலிருந்து போன் வந்தது. "இன்னா சார், காலையிலேர்ந்து ஆட்டைப் புடிச்சிக்கினு நிக்கிறோம், வண்டியக் காணோமே?"

பார்த்தால், அந்த ஊர் பட்டியலிலேயே இல்லை.

"சேவ் பட்டனை அமுக்க மறந்துட்டீங்களாக்கா?" என்று அஞ்சலை அக்காவிடம் கேட்டேன், கொஞ்சம் எகத்தாளமாக.

"அமுக்கினேன் தம்பி. ஒரு ஊரைச் சேத்தா ஸ்க்ரீன்ல தெரியும், மறுபடி தொறந்தா இருக்காது. மொத்தத்தையும் அழிச்சிட்டு முதல்லேர்ந்து அடிச்சாத்தான் நிக்கும். ஆறு மாசமா அப்படித்தான் அடிச்சிக்கினு இருக்கேன். நேத்து கை வலி, ஒண்ணை மட்டும் சேத்தேன்."

சிரிக்கப் போனவன் நிரலைத் திறந்து பார்த்தேன். பட்டியல் முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டி டேட்டாபேஸில் வைத்திருந்தேன். புது மூட்டை வந்தால்தான் என் நிரல் அதை மாற்றமாக எடுத்துக்கொள்ளும். பழைய மூட்டைக்குள் ஒரு ஊர் கூடினால் அதன் கண்ணிலேயே படாது. மூட்டைக்குள்ளும் பார்க்கச் சொல்ல நிரலில் ஒரே ஒரு வரிதான் தேவைப்பட்டது; அதைச் சேர்த்தேன்.

"ஏங்க்கா இவ்ளோ நாளா சொல்லல?"

"நீ கேக்கலியே தம்பி!"

மறுநாள் விட்டுப்போன அந்த ஊருக்கு வண்டியில் நானும் ஏறிப்போய் ஆடு பிடித்துக் கொடுத்தேன். ஒரு கிடா என்னை முட்டித் தள்ளியதைச் சொன்னபோது, அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

இப்போதெல்லாம் யாரிடமும் "நல்லா வேலை செய்யுதா?" என்று நான் கேட்பதில்லை. "எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்றுதான் கேட்கிறேன்.