கவர் மாமாவும் வெள்ளைத் தலையணை உறையும்

என் சின்னக்காவைக் கட்டிக்கொண்டவருக்கு எங்கள் குடும்பத்தில் கவர் மாமா என்று பெயர். வண்டிகளுக்கு சீட் கவர் தைப்பது அவர் தொழில். அந்தத் தொழிலைக் கடையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறவராக இருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அவர் வீட்டில் கேஸ் சிலிண்டருக்குப் பாவாடை உண்டு, மிக்சிக்குக் குல்லா உண்டு. மூக்குக் கண்ணாடி வைக்கிற கூட்டுக்கே ஒரு கூடு தைத்திருக்கிறார். சோபாவின் மேல் ஓர் உறை. அந்த உறை அழுக்காகாமல் இருக்க அதன்மேல் இன்னொன்று. சோபாவின் அசல் நிறம் என்ன என்று அதை விற்ற கடைக்காரரைத்தான் கேட்கவேண்டும். கல்யாண ஆல்பத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் பைக்குள் பை, அதற்குள் பை என்று அவிழ்த்துக்கொண்டே போகவேண்டும். கடைசிப் பை வருவதற்குள் பார்க்கிற ஆசை போய்விடும்.

அவருடைய ஒழுக்கத்தைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். தினமும் காலையில் சோப்புப் போட்டு அரை மணி நேரம் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போவார். "புது கவர்ல நம்ம கை அழுக்கு படலாமா?" என்பார். மணமேடைக்குப் போகிற மாப்பிள்ளை தோற்றார். சாயங்காலம் திரும்பி வந்ததும் கை, கால், முகம் கழுவுவார். "அஞ்சே நிமிஷம் சாஞ்சுக்கறேன்" என்று சொல்லிக் கட்டிலில் விழுவார். அந்த அஞ்சு நிமிஷம் அக்கா சாப்பிடக் கூப்பிடும் வரைக்கும் நீளும்.

உலகத்தில் உள்ள அத்தனை பொருளையும் தூசியிலிருந்து காப்பாற்றிய இந்த மகானின் மனைவிக்குத்தான் தூசு ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் கண்ணைத் திறந்ததும் அக்கா தும்ம ஆரம்பிப்பாள். நான் அதே வீட்டின் மாடியில் குடியிருக்கிறேன். அலாரம் வாங்கும் செலவு எனக்கு மிச்சம். மூக்கு சிவந்து, கண் வீங்கி, அவள் காபி டம்ளரைக் கையில் எடுக்கும்போதே ஒரு முழு நாள் வேலை பார்த்து முடித்த களைப்பு முகத்தில் இருக்கும். அவள் மழலையர் பள்ளியில் டீச்சர். மதியம் குழந்தைகளைத் தூங்கவைக்கவேண்டிய நேரத்தில் குழந்தைகளுக்கு முன்னால் டீச்சர் தூங்கிவிடுகிறார் என்று ஒரு தாயார் புகார் கொடுத்துவிட்டுப் போனார். தலைமை ஆசிரியை கூப்பிட்டுக் கண்டித்து அனுப்பினார்.

பள்ளி விடுமுறையில் அக்கா எங்கள் பெரியக்கா வீட்டுக்குப் போய் ஒரு வாரம் தங்கினாள். பெரியக்கா கணவர் காலமானபிறகு தனியாக இருக்கிறவள், பக்கத்து ஊர். திரும்பி வந்த சின்னக்காவைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைக் காணோம்.

"அங்க ஒரு தடவை கூட தும்மலடா" என்றாள் என்னிடம். பிறகு மாமாவின் பக்கம் திரும்பினாள். "இந்த மாசம் முடியறதுக்குள்ள இந்த வீட்டுல எனக்கு ஒழுங்கா தூக்கம் வரணும். இல்லேன்னா நான் அக்காகூடவே போய் இருந்துக்கறேன். அந்த ஊர்லயும் பள்ளிக்கூடம் இருக்கு."

மாமா சிரிக்கப் பார்த்தார். "கோபத்துல சொல்றியா?"

"கோபமா இருந்தா கத்தியிருப்பேன்."

அவள் கத்தவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த பையைப் பிரிக்காமல் அலமாரிக்குப் பக்கத்திலேயே வைத்தாள். அந்தப் பையைப் பார்த்து மாமாவின் முகம் சுருங்கியது. அந்த மனிதருக்கு அடுப்புப் பற்றவைக்கத் தெரியாது என்பது ஒருபக்கம் இருக்கட்டும். கடையில் யார் என்ன வண்டி கொண்டுவந்தார்கள், யார் பேரம் பேசினார்கள் என்று தினமும் சாப்பாட்டின்போது அவளிடம் சொன்னால்தான் அவருக்கு அன்றைய நாள் முடியும். கிண்டலை ஓரமாக வைத்துவிட்டுச் சொல்கிறேன், அவள் இல்லாமல் அவரால் இருக்கமுடியாது.

டாக்டரிடம் போனார்கள். எனக்குத் துணைக்குப் போகும் பாக்கியம். டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார்.

"தலையணையில தூசிப்பூச்சி சேரும். கண்ணுக்குத் தெரியாது. தலையணை முழுசையும் மூடுற மாதிரி, ஜிப் வச்ச, நெருக்கமா நெய்த உறை ஒண்ணு போடுங்க. பழைய தலையணை இருந்தா மாத்திடுங்க. வாராவாரம் உறையை வெந்நீர்ல துவைங்க."

இத்தனையில் மாமாவின் காதில் விழுந்தது 'உறை' என்ற ஒரே சொல். பதவி உயர்வு கிடைத்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதுக்குப் போய் கடைக்குப் போவாங்களா மாப்ள? நான் எதுக்கு இருக்கேன்?" என்றார் வெளியே வந்ததும்.

மறுநாளே உறை தயார். ரெக்சினில். காருக்குப் போடுகிற அதே கறுப்பு ரெக்சின். இரட்டைத் தையல், ஓரத்தில் சிவப்பு நாடா வைத்த பைப்பிங். நியாயமாகப் பார்த்தால் அதில் சீட் பெல்ட் ஒன்றுதான் பாக்கி. "காருக்கே பத்து வருஷம் உழைக்குது, தலைக்கு உழைக்காதா?" என்று தட்டிக் காட்டினார். அக்கா படுத்தாள். தலை வழுக்கிக்கொண்டு போய்க் கட்டிலின் விளிம்பில் நின்றது. புரண்டால் கிறீச்சென்றது. காலையில் காது உறையோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. தும்மலுக்கு மட்டும் எந்தக் குறையும் இல்லை.

"எனக்கு வண்டியில போற மாதிரியே இருக்கு" என்றாள் அக்கா. "எங்க இறங்கணும்னு மட்டும் சொல்லுங்க."

மாமா மனம் தளரவில்லை. அடுத்து, மழைக்கு வண்டியை மூடுகிற துணியில் ஒன்று தைத்தார். அதில் தண்ணீரும் போகாது, தூசியும் போகாது, தூக்கமும் வராது. திரும்பிப் படுத்தால் யாரோ காதோரம் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பதுபோல் சத்தம். அந்தச் சத்தத்தை அடக்க, சோபாத் துணியில் மிஞ்சிய பூப்போட்ட கறுப்புத் துண்டில் மேலுறை தைத்து மாட்டினார். அந்த வீட்டில் தலையணை உறைகள் எப்போதுமே அந்தத் துணிதான். அழுக்கே தெரியாது என்பது அதன் பெருமை. உள்ளே இருந்ததோ, அவர் கல்யாணத்துக்கு முன்பிருந்து தலைவைத்துப் படுத்து, கட்டி தட்டிப்போன அதே பஞ்சு.

மாதம் பாதியைத் தாண்டியது. பையில் மேலும் இரண்டு சேலைகள் சேர்ந்திருந்தன. அதைப் பார்த்த அன்று மாமாவே மாடிக்கு வந்து, "மாப்ள, கடைக்குப் போலாமா?" என்று கேட்டார். தோல்வியை அதற்குமேல் அழகாக ஒப்புக்கொள்ள அவருக்குத் தெரியாது.

மெத்தைக் கடையில் இருந்த விற்பனைப் பெண் பொறுமைசாலி. அது அவளுக்குத் தேவைப்பட்டது. மாமா ஒவ்வொரு உறையையும் உள்புறமாகத் திருப்பித் தையலைப் பார்த்தார். துணியை வாயில் வைத்து ஊதினார். ஜிப்பை இழுத்து இழுத்துப் பார்த்து, "இந்த ஜிப் மூணு மாசத்துல கழண்டு போயிடும்" என்று ஜோசியம் சொன்னார். தண்ணீர் புகாத வகை, வழுவழுவென்று குளிர்ச்சியாக இருக்கும் வகை, பருத்தி வகை எல்லாம் மேஜையில் குவிந்தன. அந்தப் பெண் பருத்தி ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இதை எடுத்துக்குங்க சார். நூல் நெருக்கமா இருக்கும், உள்ள இருக்கற பூச்சி வெளிய வராது. காத்தும் போகும், சத்தமும் வராது. ஆனா மேல விழற தூசிய இது ஒண்ணும் பண்ணாது. அதுக்குத் துவைக்கணும்."

"சரிம்மா, சரி. ஆனா வெள்ளை வேணாம். ஒரே நாள்ல அழுக்கு காட்டும். கருநீலம் இருக்கா?"

"காட்டணும்னுதான் சார் வெள்ளை. தெரிஞ்சாதானே துவைப்பீங்க?"

மாமா வெள்ளையையே எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். தொழில் விஷயத்தில் அவர் இன்னொருவர் பேச்சைக் கேட்டதை நான் அன்றுதான் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்குப் பரிசு ஏதாவது கொடுத்துவிட்டு வரலாமா என்று தோன்றியது. புதுத் தலையணைகள் ஒரு ஜோடி, வெள்ளை உறைகள் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் மாமா வழக்கப்படி பூப்போட்ட மேலுறையை எடுத்தார். அக்கா அதைக் கையிலிருந்து பிடுங்கிவிட்டாள்.

"வேணாம். வெள்ளையே இருக்கட்டும்."

மறுநாள் நான் அலுவலகத்துக்குத் தாமதம். தும்மல் இல்லாததால் எனக்கு விழிப்பு வரவில்லை. அடுத்த நாளும் அப்படியே. அக்கா பாட்டு முணுமுணுத்துக்கொண்டு பாத்திரம் கழுவினாள். பள்ளியில் குழந்தைகள் தூங்கும் வரை விழித்திருந்தாளாம். பையிலிருந்து சேலைகள் அலமாரிக்குத் திரும்பின. அந்த வாரம் மாமாவின் கடைக்கூரையை மாற்றிக்கொண்டிருந்தார்கள்; அதனால் அவர் வீட்டோடு இருந்தார். சும்மாவா இருந்தார்? தெருவில் போகிற வருகிறவர்களை நிறுத்தி, தலையணை உறையைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று உபன்யாசம் செய்தார். "ஊதிப் பார்க்கணும். காத்து மெதுவா போகணும். அதுதான் கணக்கு" என்று கீரைக்காரியிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்ததை என் காதாலேயே கேட்டேன். ரெக்சின் காலத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

கூரை வேலை முடிந்து கடை திறந்தது. அதற்கு அடுத்த நாள் காலையில் நான் சரியான நேரத்துக்கு எழுந்தேன்.

கீழே போனால் அக்கா தும்மிக்கொண்டிருக்கிறாள். மாமா சட்டையை மாட்டிக்கொண்டு குதிக்கிறார். "ஏமாத்திட்டாங்க மாப்ள! ரெண்டாந்தரத்தைத் தலையில கட்டிட்டாங்க! கழட்டிக் குடு, அந்தப் பொண்ணு மூஞ்சியிலயே வீசிட்டு வரேன்."

அக்கா தன் தலையணையின் உறையைக் கழற்றினாள். கொடுக்கப் போனவள், நின்றாள். ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாள். வெள்ளைத் துணியின் நடுவில் தலை அளவுக்கு வட்டமாகச் சாம்பல் நிறக் கறை. அதில் மஞ்சள் ஸ்பாஞ்சுத் துணுக்குகள், நீல நூல் பிசிறு. அப்புறம் குட்டை குட்டையாகப் பழுப்பு முடி. அதில் ஒன்றை நகத்தால் எடுத்துத் தூக்கிக் காட்டினாள்.

"இது நாய் முடி. நம்ம வீட்டுல நாய் ஏது?"

மாமா சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தார்.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"நேத்து ஒரு வேன் வந்துச்சு" என்றார் மெதுவாக. "நாய்ங்களை ஏத்திக்கிட்டுப் போற வேன். பழைய சீட்டைப் பிரிச்சேன். உள்ள மண்ணும் மசுருமா... ஒரு கூடை வந்துச்சு."

"பிரிச்சது கடையில. என் தலையணைக்கு எப்படி வந்துச்சு?"

கட்டிலில் அவள் படுக்கிற பக்கத்தில்தான் ஜன்னல் இருக்கிறது, சாயங்காலம் காற்று அங்கேதான் வரும். அவருடைய அஞ்சு நிமிஷம் எப்போதும் அவள் தலையணையில்தான். கை கால் கழுவினார். தலையைக் கழுவியது யார்? ஊரில் உள்ள வண்டிகளின் பழைய சீட்டுகளை எல்லாம் பிரித்து, அத்தனை பேர் உட்கார்ந்து சேர்த்த தூசியையும் தலையில் சுமந்துகொண்டுவந்து, தினமும் அவள் மூக்குக்கு நேராக இறக்கிவைத்திருக்கிறார். பூப்போட்ட கறுப்புத் துணி அத்தனை வருஷமும் அதை மறைத்து வைத்திருந்தது. ஒருநாள்கூட அழுக்கே தெரியவில்லை என்று அவர் பெருமைப்பட்ட அதே துணி.

மாமா கட்டிலில் உட்காரப் போனார். உட்காராமல் பின்வாங்கி நின்றார்.

"அப்ப... பெரியக்கா வீட்டுல உனக்குத் தும்மல் வராததுக்குக் காரணம் அங்க நான் இல்லாததுதான்" என்றார்.

அக்கா உறையை மடித்தாள். "சிலிண்டரைக் கூட தூசி படாம காப்பாத்தினீங்க" என்றாள். "என்னை விட்டுட்டீங்க."

இப்படி ஒரு சந்தர்ப்பம் வராதா என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தவன் நான். வந்தபோது நான் ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. குளிக்காமல், சாப்பிடாமல், யாரிடமும் சொல்லாமல் கடைக்குக் கிளம்பிப் போய்விட்டார். அக்கா பெரியக்காவுக்குப் போன் செய்து, சாயங்காலம் கிளம்பி வருவதாகச் சொன்னாள். சேலைகள் மறுபடி பைக்குள் போயின.

சாயங்காலம் பையைக் கூடத்தில் வைத்துவிட்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். ஆட்டோ பிடித்துவர என்னைக் கீழே கூப்பிட்டிருந்தாள். நான் செருப்பைத் தேடு தேடு என்று தேடிக்கொண்டிருந்தேன். என் காலில்தான் இருந்தது. அப்போது வாசலில் ஆள் வந்து நிற்பது தெரிந்தது.

மாமாதான். ஆனால் உள்ளே வரவில்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உடம்பில் மடிப்புக் கலையாத புதுச் சட்டை, காலரில் விலைச்சீட்டு ஆடிக்கொண்டிருந்தது. கடைக்குப் பின்னால் வண்டி கழுவுகிற குழாயைத் தலையில் திருப்பிவிட்டுக் குளித்திருக்கிறார். வேலைத் துணியைக் கடையிலேயே ஆணியில் மாட்டிவிட்டு, எதிர்க்கடையில் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். துண்டு வாங்க மட்டும் தோன்றவில்லை.

"இனிமே தினமும் இப்படித்தான்" என்றார். குனிந்து, ஈரத் தலையை அவள் பக்கம் நீட்டினார். "பாரு. எதுவும் இல்ல. நல்லா பாரு."

அக்கா எழுந்து போய்ப் பார்த்தாள். முடியை விரலால் விலக்கி, காதுக்குப் பின்னால்கூடப் பார்த்தாள். அவர் அசையவில்லை. ஐம்பதைத் தாண்டிய மனிதர், வாசற்படிக்கு வெளியே, தெருவே பார்க்கக் குனிந்து நின்றார்.

போன் அடித்தது. கிளம்பியாயிற்றா என்று கேட்கப் பெரியக்கா. அக்கா ஒரு கையால் போனைக் காதில் வைத்தாள். இன்னொரு கை அவர் தலையிலேயே இருந்தது.

"இல்லக்கா, வரல" என்றாள். "இங்க ஒருத்தர் குளிச்சிட்டு ஈரத்தோட வாசல்ல நிக்கிறாரு. போனை வை, தலை துவட்டிவிடணும்."