குளிரில் கொழுப்பைக் கரைக்கப் போனேன்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். லண்டன் டூட்டிங்கில் ஒரு மீன் கடையின் உறைகுளிர் அறையில் பெட்டி அடுக்குகிறேன். எடை குறையாவிட்டால் சர்க்கரை வியாதி நிச்சயம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

என் மனைவியின் தம்பி பட்டம் பெற்றவர். கைபேசி பார்த்தே வைத்தியரும் ஆனவர். "அத்தான், குளிர் கொழுப்பை எரிக்கும். உங்களுக்குச் சம்பளத்தோட ஜிம் கிடைச்சிருக்கு. ஜாக்கெட்டைக் கழட்டிப்போட்டு நில்லுங்கோ" என்றார்.

படித்தவர் சொல்கிறாரே என்று நம்பினேன். மூன்று வாரம் வெறும் சட்டையோடு நின்றேன். வெளியே வந்தால் பேய்ப்பசி. நாலு மட்டன் ரோல் உள்ளே போகும்.

ஒருநாள் கை விறைத்து, உள்ளிருந்து கதவைத் திறக்க முடியவில்லை. கத்தக் கூச்சமாக இருந்தது. தற்செயலாக முதலாளி திறந்தபோது என் நாக்குக் குழறியது.

"உமக்கென்ன விசரே? ஜாக்கெட் எங்கை?"

காரணம் சொல்ல வெட்கப்பட்டு, வெளியே தொங்கிய ஜாக்கெட்டை எடுத்து மாட்டினேன்.

அடுத்த கிழமை டாக்டர் நிறுத்துப் பார்த்தார். இரண்டு கிலோ கூடியிருந்தது. மைத்துனரிடம் சொன்னேன்.

"அப்ப நிண்டது காணாது, அத்தான். இன்னும் கூட நேரம் நிக்கோணும்" என்றார், தன் தொப்பையைத் தடவியபடி. உயிர் போயிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

இப்போது ஜாக்கெட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டே உள்ளே போகிறேன். ரோலை ஒன்றோடு நிறுத்தி, வேலை முடிந்ததும் வீட்டுக்கு நடக்கிறேன். மைத்துனர் வைத்தியம் சொல்லத் தொடங்கினால், சட்டையைக் கழற்றிவிட்டுப் வீட்டுப் பின்வளவுக் குளிரில் நின்று சொல்லச் சொல்கிறேன். இதுவரை அவர் கதவைத் தாண்டவில்லை.