கண்டி ஸ்டேசனும் என் அண்ணனும்

கண்டி ஸ்டேசனைக் கட்டிய கைகளில் என்னுடையவையும் இரண்டு. மலைச்சரிவை வெட்டி மண் சுமந்தோம். சுவர் எழும்பியபோது கல் சுமந்தோம். என் அண்ணன் மட்டும் சுமக்கவில்லை. அவருக்குச் சிங்களமும் கொஞ்சம் இங்கிலீசும் வந்ததால், துரை சொல்வதை எங்களுக்குத் தமிழில் சொல்வதுதான் அவர் வேலை. அதில் எனக்குப் பெருமை. ராமநாதபுரத்துச் சீமையிலிருந்து தோணியில் கடல் கடந்து, காட்டுவழியே நடந்து வந்தபோது, காய்ச்சலில் விழுந்த என்னை இரண்டு நாள் முதுகில் தூக்கி வந்தவர் அவர்.

கட்டட வேலை முடியும் தறுவாயில் ஒரு கடதாசியோடு வந்தார்.

"தம்பி, ரயில் ஓட ஆரம்பிச்சதும் மூட்டை தூக்க ஆள் எடுக்கிறாங்க. ஒன் பேரச் சொல்லியிருக்கேன். இதுல ஒரு கீறல் போடு."

எனக்கு எழுத்துத் தெரியாது. பேனாவை நான் பிடிக்க, என் கையை அவர் பிடித்தார். ஆறு மாதக் கர்ப்பிணியாக இருந்த என் மனைவி அன்றைக்கே கண்டியிலேயே, மஹய்யாவையில் ஓர் அறை பார்த்து வைத்தாள்.

முதல் ரயில் வந்த நாளில் ஸ்டேசன் முழுக்கக் குருத்தோலைத் தோரணம். குளித்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு போனேன். வாசலில் முன்பின் தெரியாத கங்காணி ஒருவர் அதே கடதாசியோடு நின்றார்.

"நீங்க புசல்லாவைக்கு. கோப்பித் தோட்டத்துக்குத்தானே கீறல் போட்டிருக்கீங்க? ஓடினா பிடிச்சு மறியல்ல அடைச்சிருவாங்க."

உள்ளே ரயில் மேடையில் அண்ணன் புதுக் கோட்டோடு நின்றார். மூட்டை தூக்குகிறவர்களுக்கு இனி அவர்தான் தலைவராம். கூட்டத்தை இடித்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"ஏண்ணே?"

"தோட்டத்துக்கு இருபது பேரப் பிடிச்சுத் தர்றேன்னு சொல்லித்தான் இந்த வேலை கெடச்சுது. ஒரு ஆளு கொறஞ்சிருச்சு, தம்பி."

ரயிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அன்றைக்கே புசல்லாவைக்கு நடந்தோம். என் மகன் தோட்டத்து ஆட்களை அடைத்து வைத்த லயத்து அறையில் பிறந்தான். இனி எந்தக் கடதாசியையும் படிக்காமல் தொடுவதில்லை என்று, பக்கத்து அறைக்காரரிடம் எழுத்துப் படித்தேன். பல வருடம் கோப்பி பறித்தோம். பிறகு செடிகளுக்கு நோய் வந்து, இலைகளின் அடியில் மஞ்சள் தூள் படிந்தது. செடிகள் மொட்டையாகின, தோட்டத்தை மூடினார்கள்.

கண்டிக்குத் திரும்பியபோது ஸ்டேசன் ஓய்ந்து கிடந்தது. கோப்பி மூட்டை அடுக்கிய கொட்டகையில் ஆடுகள் படுத்திருந்தன. அண்ணனுக்கும் வேலை போயிருந்தது.

தேயிலைப் பெட்டிகள் வரத் தொடங்கியதும்தான் அந்த இடத்துக்கு மறுபடி உயிர் வந்தது. கூரையைச் சரிசெய்து சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஆட்களின் பெயரை எழுதத் தெரியும் என்பதால், பெட்டி தூக்கவும் பெயர் எழுதவும் என்னை எடுத்துக்கொண்டார்கள். மறுநாளே அண்ணன் வந்து நின்றார்.

"என் பேரையும் எழுது, தம்பி."

எழுதினேன். ஏன் எழுதினேன் என்று மனைவி இன்றும் கேட்கிறாள். ஆள் மெலிந்து போயிருந்தார் என்பேன்.

ஒரு மாதம் போயிருக்கும். புதிதாகச் சேர்ந்தவர்களிடம் அவர் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"தம்பிய இந்த ஸ்டேசனுக்குக் கொண்டாந்ததே நாந்தான். இல்லேன்னா மலையிலேயே செத்திருப்பான்."

தோளிலிருந்த பெட்டியை இறக்கி வைத்தேன்.

"பொய். என்னய ஏமாத்திக் கீறல் போட வச்சுத் தோட்டத்துக்குப் பிடிச்சுக் குடுத்தவரு இவரு."

"பழசெல்லாம் இப்ப எதுக்கு, தம்பி?" என்று சிரித்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். புசல்லாவைக்கு நடந்த அன்றுகூட எனக்கு அப்படி வலிக்கவில்லை.

மேடையின் மறுகோடியில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டேன். என்னைக் கடக்கும்போதெல்லாம் இன்னும் "தம்பி" என்று கூப்பிடுகிறார். நான் திரும்பிப் பார்ப்பதில்லை.