அந்தப் போல்ட்டை முறித்தது நான்தான்

1994-ல், ஐப்பசி மழை தொடங்குவதற்கு முந்தின வாரம் நடந்தது இது. பாளையங்கோட்டையில் நான் ஒரு சின்ன ஒர்க்ஷாப் வைத்திருந்தேன். அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு அம்மாள் பஸ் ஏறி வந்து, தன் வீட்டு ஷெட்டில் எட்டு வருஷமாக நிற்கும் மோரிஸ் மைனர் காரைப் பார்க்கச் சொன்னார்.

அவர் கணவர் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர். அந்தக் காரை வேறு யாரையும் தொடவிடாமல் தானே பார்த்துக்கொண்டவர். பக்கவாதம் வந்து வலது கை, கால், பேச்சு எல்லாம் போய்விட்டது. "ஒரே ஒரு தடவ ஓட வச்சிருங்க தம்பி. அவுக அந்தச் சத்தத்தக் கேக்கணும்" என்றார் அந்த அம்மாள்.

போய்ப் பார்த்தால், மழைத்தண்ணீர் இறங்கி பிஸ்டன் ஒட்டிப்போயிருந்தது. என்ஜின் ஹெட்டைக் கழற்றியாக வேண்டும். துருப்பிடித்த நட்டுக்கு மண்ணெண்ணெயும் பிரேக் ஆயிலும் கலந்து ஊற்றி, லேசாகத் தட்டி, இரண்டு மூன்று நாள் ஊறவிட வேண்டும். பிறகும் எடுத்த எடுப்பில் கழற்றக்கூடாது. முதலில் இறுக்கும் பக்கம் துளி அசைத்து, அப்புறம் பையத் திருப்ப வேண்டும். எனக்கு இதெல்லாம் அத்துப்படி. ஆனால் அன்று ஒர்க்ஷாப்பில் ஒரு லாரி வேலை காத்துக்கிடந்தது. கடைசி நட்டு அடம்பிடிக்கவும், ஸ்பேனரில் நீளமான பைப்பைச் செருகி ஓங்கி இழுத்தேன். 'டக்'கென்று போல்ட் பாதியில் முறிந்தது.

"இது முன்னமே விரிசல் விட்டுருக்கும்மா" என்று கூசாமல் சொன்னேன். அந்த அம்மாளும் நம்பிவிட்டார். நாலடி தள்ளி நாற்காலியில் இருந்த அவர் கணவர், சார் மட்டும் கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அம்பாசமுத்திரத்துக்குத் திரும்பிப் போய், சார் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, "சார், முறிச்சது நாந்தான். அவசரத்துல பைப்பப் போட்டு இழுத்துட்டேன்" என்றேன்.

அவர் இடது கையால் பரணைக் காட்டினார். அங்கே ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே கிரீஸ் தடவி, காகிதத்தில் சுற்றிய புதுப் போல்ட்டுகள். அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவுகளும் இதே மாதிரி ஒண்ண முறிச்சவுகதான் தம்பி. மூணு நாளா எங்கிட்டக்கூட பேசல. அப்ப வாங்கி வச்சதுதான் இது" என்றார். சாரின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அவரும் சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

முறிந்த பாதியைத் துளையிட்டு எடுக்க ஒரு முழு நாள். பிஸ்டனை அசைக்க இன்னும் ஒன்பது நாள். லாரிக்காரர் வேறு ஒர்க்ஷாப்புக்குப் போய்விட்டார். பத்தாவது நாள் என்ஜின் நாலைந்து தடவை இருமிவிட்டு ஓடத் தொடங்கியபோது, சார் இடது உள்ளங்கையை மட்கார்டில் வைத்து, எடுக்கவே இல்லை. கண்ணீர் வழிந்தபடி இருந்தது, துடைக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ போல்ட்டுகளை முறித்திருக்கிறேன், மறந்தும் போயிருக்கிறேன். ஆனால் வாய் பேசாத மனிதருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து, அவர் எதிரிலேயே பொய் சொன்னேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.