அத்திவாரத்துக்கு ஓர் உபயகாரர்

எங்கள் ஒழுங்கை முகப்பில், வாய்க்காலுக்கு மேலே இருந்த மதகு இடிந்தபோது என் மகளுக்கு ஏழாம் மாதம்.

ஆவணியில் விறகு லொறி ஒன்று அதில் ஏறியது. லொறி தப்பிவிட்டது; மதகு தப்பவில்லை. வெயில் காலம் என்பதால் வாய்க்காலுக்குள் இறங்கி ஏறிப் போய்வந்தோம். ஆனால் கார்த்திகையில்? மாரி வெள்ளம் வந்தால் அதில் இடுப்பளவு தண்ணீர் ஓடும். மற்றப் பக்கம் முழுக்க வயல்; வேறு பாதை இல்லை. மகளுக்கு நாள் குறித்திருந்ததும் கார்த்திகையில்தான்!

மானிப்பாய் ஆஸ்பத்திரி டொக்டர் அவளைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். "மாஸ்ரர், பிள்ளை குறுக்கை கிடக்குது. நோ தொடங்கினால் மினைக்கெடாமல் கொண்டு வாங்கோ. வீட்டிலை வைச்சுப் பாக்கிற அலுவல் இல்லை."

அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. தெரு வேலைகளைக் கவனிக்கும் கந்தோருக்கு ஓடினேன். அங்கிருந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் நல்ல மனிதர். கதிரை தந்தார், தேத்தண்ணீர் தந்தார் — சீமெந்து மட்டும் தரவில்லை. எங்கேயிருந்து தருவார்? யுத்தத்தால் அது குடாநாட்டுக்குள் வரவே தடை.

"கல்லும் சுண்ணாம்புச் சாந்தும், மேலை பனங்குத்தி. நான் படம் கீறித் தாறன். கந்தோரிலை காசு இல்லை மாஸ்ரர். ஊராக்கள் சேந்தால் நானே நிண்டு கட்டுவிக்கிறன்" என்றார். சொன்னபடி கீறியும் தந்தார். அவருக்கு என் முதல் நன்றி.

ஊராக்கள் சேர்வது... இலேசான காரியமா?

வாசிகசாலையில் கூட்டம் வைத்தோம். தலைவர் கணபதிப்பிள்ளை அண்ணை. கோயில் நிர்வாகமும் அவர் கையில்தான். ஆகவே அவருக்குத் தெரிந்த நிதித் திட்டம் உலகத்தில் ஒன்றே ஒன்று — திருவிழா உபயம். கொடியேற்றம் ஒரு குடும்பத்துக்கு, தேர் ஒரு குடும்பத்துக்கு, தீர்த்தம் வேறொரு குடும்பத்துக்கு என்று கோயிலில் செலவைப் பிரித்துக் கொடுப்பதில்லையா? அதேபோல மதகையும் துண்டு துண்டாகப் பிரித்து உபயத்துக்கு விட்டார்!

சிரிக்காதீர்கள், வேலை செய்தது. பனங்குற்றிகளுக்கு உடனே ஆள் வந்தது. சுண்ணாம்புக்கு என் பென்சனைத் தருகிறேன் என்றேன். பிறகு, மதகின் இரு பக்கமும் எழும்பும் சின்னச் சுவர்கள் இருக்கின்றனவே, நாங்கள் கட்டு என்று சொல்வது — அதற்குத்தான் அடிபிடி. ஏனென்றால் அதில் பெயர் வெட்டலாம்.

"வடக்குக் கட்டு எங்கடை. அப்பற்றை பேர் வரவேணும்" என்று ஒருவர் எழும்பினார்.

"அப்ப தெற்குக் கட்டு எங்கடை! கனடாவிலையிருந்து தம்பி அனுப்புவான்" என்றார் இன்னொருவர். றோட்டால் வருகிறவன் கண்ணில் முதலில் படுவது எந்தக் கட்டு என்று தனியாக ஒரு வாக்குவாதம்.

கடைசியில் கணபதிப்பிள்ளை அண்ணை கேட்டார்: "அத்திவாரம் ஆருக்கு?"

கட்டுக்கு அடிபட்டவர்கள் ஆளுக்கொரு பேப்பரை விரித்து வாசிக்கத் தொடங்கினார்கள். அத்திவாரம்தான் பெரிய செலவு. கட்டி முடித்ததும் தண்ணீருக்குள் போய்விடும். எனக்குப் பொல்லாத கோபம் வந்துவிட்டது. "கட்டில்லாமல் மதகு நிக்கும். அத்திவாரம் இல்லாமல் எது நிக்கும்? என்ரை பிள்ளை நீந்தியோ ஆஸ்பத்திரிக்குப் போறது?" என்று கத்தினேன்.

அப்போது வாசலடியிலிருந்து ஒரு குரல். றீற்றா. குருநகர்க்காரி, கிறிஸ்தவப் பெண். ஷெல் விழுந்து வீடு இடிந்து, கடற்றொழிலும் நின்றுபோய், கணவரோடும் மாமியாரோடும் எங்கள் ஊருக்கு வந்து இருப்பவள். கூட்டத்துக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை.

"அந்த அத்திவாரத் திருவிழாவை எங்களுக்குத் தாங்கோவன்."

எல்லோரும் திரும்பினோம்.

"உங்கடை கோயிலிலை வேதக்காரருக்குத் திருவிழா இல்லை. மதகிலையெண்டாலும் ஒண்டு கிடைக்கட்டும்" என்றாள் குறும்பாக. "எங்கடை இடிஞ்ச வீட்டுக் கல்லு முழுக்க அங்கைதான் கிடக்குது. நல்ல கல்லு. இவர் வண்டில் பிடிச்சு ஏத்தி வருவார்."

"பேர்... எங்கை வெட்டுறது?" என்று இழுத்தார் கணபதிப்பிள்ளை அண்ணை.

"தண்ணிக்குள்ளை ஆர் அண்ணை வாசிக்கிறது, தவளையோ?"

கூட்டம் சிரித்தது. எனக்கு வேறு யோசனை. நிலைமை சரிவந்தால் அந்தக் கல்லை வைத்துத்தானே அவர்கள் திரும்பவும் வீடு கட்டவேண்டும்? வெளியே வந்ததும் அதைக் கேட்டேன். "அதை அப்ப பாப்பம் மாஸ்ரர். பிள்ளைப்பெறு காத்துக்கொண்டு நிக்குமே?" என்றாள்.

குருநகரிலிருந்து வண்டில் வண்டிலாகக் கல் வந்தது. சிலவற்றில் நீலப் பூச்சு அப்படியே இருந்தது. அது அவர்கள் சமைத்த குசினிச் சுவராம். ஊரே வாய்க்காலுக்குள் இறங்கி நின்று வேலை செய்தது. உத்தியோகத்தர் சைக்கிளில் வந்து நின்று, ஒரு வரிசை பிழைத்ததென்று பிரிக்கவைத்துத் திரும்பவும் கட்டுவித்தார்.

பொது வேலைக்குத் தனியார் பணம் வருமா என்று பெரிய ஆட்கள் விவாதிக்கிறார்கள். வரும்! பெயர் தெரிகிற உயரத்துக்கு நிச்சயமாக வரும். அதற்குக் கீழே வருவதற்குத்தான் மனிதர் வேண்டும். பெயர் கேட்டவர்களைக் குறைசொல்லவும் எனக்கு மனமில்லை. குற்றி தந்ததும் வேலைக்கு வந்தவர்களுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றியதும் அவர்கள்தான்.

சென்ற கிழமை, அடைமழைக்குள் மகளுக்கு நோ தொடங்கியது. மண்ணெண்ணெயில் ஓடும் பழைய ஒஸ்ரின் கார் ஒன்று இருமி இருமி வந்தது. வாய்க்கால் கரைமுட்ட ஓடிக்கொண்டிருந்தது. மதகில் ஏறும்போது மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். எந்தக் கட்டை முதலில் எழுப்புவது என்ற வழக்குத் தீராததால் இரண்டு பக்கமும் வெறுமை. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கார் அக்கரையில் நின்றது. மதகு அசையவே இல்லை.

சத்திரசிகிச்சை செய்து பிள்ளையை எடுத்தார்கள். பேத்தி. தாயும் பிள்ளையும் சுகம்.

"இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால்..." என்று தொடங்கிய டொக்டர், "போய்ப் பேத்தியைப் பாருங்கோ" என்று முடித்தார்.

பேப்பரில் சுற்றிய கற்கண்டுச் சரையோடு றீற்றாவிடம் போனேன். நன்றி சொல்லத் தொடங்க அழுகைதான் வந்தது.

"இதுக்கேன் அழுறியள்? நாங்களும் அதாலைதானே போறம் வாறம்" என்றாள். பிறகு ஒரு கற்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "எங்கடை குசினிக்கு மேலாலை இப்ப ஊரே போய்வருது, என்ன?"

அன்றுமுதல் அந்த மதகடிக்கு வந்தால் நான் சைக்கிளை விட்டு இறங்கி, உருட்டிக்கொண்டுதான் கடக்கிறேன். எதிரே வருகிறவர்கள், "என்ன மாஸ்ரர், சில்லுக்குக் காத்துப் போயிட்டுதோ?" என்று கேட்கிறார்கள்.

"ஓம்" என்று சொல்லிவிடுகிறேன்.