துரு உதிராத தையல் மெஷின்

காட்சிக்கூடத்தில் அவளுக்கு ரசமட்டம் என்று பெயர். வைத்தவன், ஓவியங்களைச் சுவரில் மாட்டும் தச்சன். ஒரு படம் நூலளவு சாய்ந்திருந்தாலும் போதும், அவனை ஏணியில் ஏற்றி இறக்கிப் பிராணனை வாங்கிவிடுவாள். கண்காட்சிக்குப் பொருள் சேர்த்து, எது எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது இருபத்திரண்டு வருஷமாக அவள் வேலை. அதில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. மனுஷர்கள் விஷயத்தில் சொல்லலாம், நிறையவே சொல்லலாம்.

வெள்ளம் ஊரைச் சுருட்டிக்கொண்டு போன நாலாம் மாதம் காட்சிக்கூட இயக்குநருக்கு ஞானோதயம் வந்தது. பேரழிவிலிருந்து மீண்டெழுவதைப் பற்றி நவீனக் கலைக் கண்காட்சி வைக்க வேண்டுமாம். அந்த மனுஷர் குடியிருப்பது ஏழாவது மாடியில். அவர் கால்கூட நனையவில்லை. ஓவியங்கள் வந்தன, வீடியோக்கள் வந்தன. இதெல்லாம் போதாது, நிஜமாக ஏதாவது வேண்டும் என்று நச்சரித்தார். அவளுக்குத் தம்பி ஞாபகம் வந்தது.

தம்பி தையல்காரன். கடைக்குள் கழுத்தளவு தண்ணீர் நின்றதில் துணியெல்லாம் அழுகிப்போய், மிஞ்சியது ஒரே ஒரு மெஷின். அதுவும் துருப்பிடித்துக் கிடந்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு ஷட்டிலை மட்டும் மாற்றினால் ஓடும், ஆனால் அந்தப் பழைய மாடலுக்கு ஷட்டில் தேடிப் பிடிக்க நாளாகும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தான். அதுவரை சும்மாதானே கிடக்கப்போகிறது, கொடேன் என்று அக்கா கேட்டாள். ஷட்டில் கிடைத்த அன்றே தூக்கிக்கொண்டு போய்விடுவேன், எனக்கு வேறு பிழைப்பு இல்லை என்று கறாராகச் சொல்லித்தான் அவன் கொடுத்தான்.

மெஷின் வெள்ளைப் பீடத்தில் ஏறியது. மறுநாள் காலையில் பீடமெல்லாம் துருத்தூள். இயக்குநர் முகத்தைச் சுளித்தார். உள்ளே வந்த பொருள் வந்த கோலத்திலேயே இருக்க வேண்டும், அழுக்கென்றால் அழுக்காக, துருவென்றால் துருவாக. அதுதான் அந்தத் தொழிலின் சட்டம்; துருவைச் சுரண்டி எடுக்கவும் கூடாது, உதிர விடவும் கூடாது. அவள் நிறமில்லாத பிசினை எடுத்து இரண்டு பூச்சு பூசினாள். காய்ந்தால் கல்லாக இறுகும் பிசின் அது. எண்ணெய் விடும் துளைகளுக்குள் அது இறங்குவதைக் கண்ணால் பார்த்தாள். பார்த்தும் கை நிற்கவில்லை. இது எங்கே ஓடப்போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். தூள் உதிர்வது நின்றதும் அப்பாடா என்றுகூட இருந்தது அவளுக்கு, வெட்கக்கேடு.

திறப்பு விழாவன்று தம்பி வந்தான். சட்டைப்பையில் காகிதத்தில் சுற்றிய ஷட்டில். கூட்டத்தை விலக்கி நேரே பீடத்துக்குப் போய், மெஷின் சக்கரத்தைச் சுற்றினான். அசையவில்லை. இரண்டு கையாலும் தம் கட்டித் திருகினான். இதுவும் கலைதான் என்று நினைத்து நாலைந்து பேர் கைதட்டினார்கள். இயக்குநர் அதற்கும் மேலே போனார். மெஷினுக்குச் சொந்தக்காரர் இவர்தான் என்று தெரிந்ததும் தோளில் கைபோட்டு, நம்பிக்கையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றார்.

தம்பி நகத்தால் சக்கரத்தைச் சுரண்டினான். நகம் வழுக்கியது. துளையில் விரலை வைத்துப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது.

"தண்ணியில இது சாகல," என்றான், குரலை உயர்த்தாமல். "பதினோரு நாள் முழுகிக் கிடந்தும் சாகல. எங்க அக்காதான் கொன்னுட்டா."

இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. தோளில் இருந்த கை தானாக இறங்கியது. அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அவன் ஷட்டிலை எடுத்து மெஷின் மேல் வைத்துவிட்டு வெளியே நடந்தான். அவள் பின்னாலேயே ஓடி, வாசலில் அவன் கையைப் பிடித்தாள்.

"சாயங்காலம் வீட்டுக்கு வரேன்டா."

அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினான்.

"எதுக்கு? எடுத்துட்டுப் போக அங்க இன்னும் என்ன இருக்கு?"