ராஜா சட்டம், ராணி சட்டம், ஒரு தண்ணீர்த்தொட்டி

போன வாரம் டெங்கு தடுப்புக்கு வந்த பெண் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் குனிந்து, கீழ்த்தட்டை உருவி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சார், புழு இருக்கு. வாரம் ஒரு தடவை கொட்டணும்னு தெரியாதா?" என்று கேட்டாள். கொசுப்புழுவைத் துரத்தித்தான் நான் இருபது வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்த என் மனைவியோ அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "நல்லா உறைக்கிற மாதிரி சொல்லும்மா" என்றாள். அந்தப் பெண் தட்டில் கொஞ்சம் அபேட் மருந்து தெளித்தாள். அந்த நெடி ஏறியதும் எனக்கு ஏழாயிரம்பண்ணை ஞாபகம் வந்துவிட்டது.

முதல் வேலை சாத்தூர் பக்கம், சுகாதார ஆய்வாளர். பயிற்சியில் பொதுச் சுகாதாரச் சட்டம் என்று ஒன்று நடத்தினார்கள். நம்ம ஊர் மெட்ராஸ் மாகாணமாக இருந்தபோது வெள்ளைக்கார அரசாங்கத்தில் போட்டது. கூட இருந்தவர்கள் எல்லாம் தூங்கினார்கள். நான் தூங்கவில்லை, வினை அங்கேதான் ஆரம்பித்தது. சூரியன் உதித்ததிலிருந்து மறைகிற வரைக்கும் எந்த இடத்திலும் நுழையலாம், கொசு வளர்கிற தண்ணீரைக் கொட்டச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கலாம், கேட்காதவனை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தலாம். வீட்டில் டிவி ரிமோட் கூட என் கைக்கு வராத காலம் அது. அப்படிப்பட்டவனிடம் இவ்வளவையும் கொடுத்தால் என்ன ஆகும்? அதிகாரமெல்லாம் மேலதிகாரிக்குத்தான், எனக்கு அவர் பெயரில் காகிதம் நீட்டுகிற வேலை மட்டும்தான் என்பதை வசதியாக மறந்துவிட்டேன். மொபெட்டில் போகும்போதே குட்டி மாஜிஸ்திரேட் மாதிரி முதுகை நிமிர்த்தி உட்காருவேன்.

அந்த நேரம் பார்த்துச் சிக்குன்குனியா வந்தது. ஊரில் அதற்குச் 'சிக்கன் குனியா' என்று பெயர். கோழிக்கறி தின்றால் வருகிற காய்ச்சல் என்று நம்பி, கறிக்கடைகளில் ஈயாடியது. மூட்டு மூட்டாக வலித்து, நல்ல திடகாத்திரமான ஆட்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். கோழி இல்லை, கொசு என்று மைக்கில் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அதனால் ஆளைத் திருத்துவதை விட்டுவிட்டுத் தண்ணீரைக் கொட்டுவது என்று முடிவு செய்தேன்.

தீபாவளி சீசன். ஏழாயிரம்பண்ணைக்கு வெளியே, கரிசல் காட்டுக்கு நடுவில் ஒரு சின்னப் பட்டாசு கம்பெனி. தனித்தனி அறைகள், ஒவ்வொரு வாசலிலும் இரண்டு வாளி மணல், ஒரு சிமெண்டுத் தொட்டி நிறையத் தண்ணீர். தொட்டியில் டார்ச் அடித்தேன். புழு குதியாட்டம் போட்டது. எனக்கும் கிட்டத்தட்ட அதே சந்தோஷம்தான். உடனே நோட்டீஸ் புத்தகத்தை எடுத்தேன்.

போர்மேன் அண்ணாச்சி ஓடி வந்தார். "சார், இது தீக்கு வச்ச தொட்டி. காலியாக் கெடந்தா வெடிமருந்து ஆபீசரு எங்க லைசென்ஸப் புடுங்கிருவாரு."

"அது எந்தச் சட்டம்?"

"வெள்ளைக்காரன் போட்டதுதான். உங்களது?"

"எங்களதும் வெள்ளைக்காரன் போட்டதுதான்."

"ராஜா காலமா, ராணி காலமா?"

கொஞ்சம் யோசித்து, "ராஜா" என்றேன்.

"எங்களது ராணி காலம் சார். அப்ப எங்களதுதான் மூப்பு." சிரிக்காமல்தான் சொன்னார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சாத்தூர் கோர்ட்டில் வந்து ராணியிடம் சொல்லிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார். நான் நிற்கும்போதே எல்லாத் தொட்டியையும் இறைத்துக் காலி செய்தார்கள். கரிசல் மண் அவ்வளவு தண்ணீரையும் ஒரே மடக்கில் குடித்துவிட்டது.

உள்ளே இருந்த பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். "தண்ணி இல்லாம உள்ள போக மாட்டோம்" என்றார் பேச்சியக்கா. பட்டாசுக் குழாயில் வெடிமருந்து செலுத்துகிறவர், நாற்பது வயது இருக்கும். சேலைத் தலைப்பை விலக்கி இடது கையைக் காட்டினார். தோள் வரைக்கும் தீயில் வெந்த தோல் சுருங்கி மினுமினுத்தது. "இதுல முங்கித்தான் நான் உசுரோட இருக்கேன். கொசுக்கடிக்குப் பயந்து இதக் கொட்டச் சொல்லுதீகளே, நீங்க வந்து உக்காந்து மருந்து செலுத்துவீகளா?"

நோட்டீஸ் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தேன்.

போர் மோட்டாரைப் போடலாம் என்றால் கரண்ட் இல்லை. பிறகென்ன, பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்தோம். 'சுமந்தோம்' என்றால் நானும்தான். தோளில் வைத்த குடம் பாதி வழியிலேயே என் சட்டைக்குள் காலியானது. பெண்கள் சிரித்த சிரிப்பில் அன்றைக்குக் கம்பெனிக்கு வெடியே தேவைப்படவில்லை. "ஏட்டி, சாருக்கு இடுப்பே இல்லட்டி, கொடம் எங்கன நிக்கும்?" என்றது ஒரு குரல். தொட்டிகள் நிறையும்போது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. பேச்சியக்கா ஒவ்வொரு தொட்டியிலும் கையை விட்டு ஆழம் பார்த்த பிறகுதான் உள்ளே போனார். அவரிடம் தப்பு என்னுடையதுதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஈரச் சட்டையோடு என்ன கம்பீரம் மிச்சமிருந்ததோ, சொல்லாமல் வந்துவிட்டேன்.

மறுநாள் விருதுநகர் போய், கொசுப்புழு தின்கிற கம்பூசியா மீனை பாலித்தீன் பையில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் அதைக் குழம்பு வைப்பதா, பொரிப்பதா என்று சாத்தூர் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார். தொட்டிக்குப் பத்து மீன் விட்டேன். ராஜாவுக்கும் ராணிக்கும் ஒரு வழியாகச் சமாதானம். நோட்டீஸ் புத்தகத்தில் 'மீன் விடப்பட்டது' என்று எழுதினேன். மேலதிகாரி அதைப் படித்துவிட்டு, இது எந்தப் பிரிவின் கீழ் என்று கேட்டார்.

அப்புறம் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று தொட்டியில் மீன் பார்ப்பேன். பேச்சியக்கா டப்பாவில் மிஞ்சிய சோற்றுப் பருக்கையை மீனுக்குப் போடுவார். "சோறு போடாதீக, அப்புறம் புழுவைத் திங்காது" என்பேன். "அதுகளுக்கும் சட்டமா?" என்பார். இரண்டு வருடத்தில் எனக்கு மாற்றல் வந்தது. போய்ச் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

கொஞ்ச காலம் கழித்து ஒரு நாள் டிவியில் ஏழாயிரம்பண்ணையில் வெடி விபத்து என்று ஓடியது. கம்பெனி பெயரைப் பார்த்ததும் போர்மேன் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். என் குரல் கேட்டதும், நான் வாய் திறக்கும் முன்பே, "தொட்டி நெறையத் தண்ணி இருந்துச்சு சார். ஒரு தொட்டிகூடக் கொறையல" என்றார். நான் அதைக் கேட்கவே போன் பண்ணவில்லை. ஆனால் அவருக்கு நான் இன்னும் நோட்டீஸ் புத்தகத்தோடு வந்து நிற்கிற ஆள்தான்.

"யாரு அண்ணாச்சி?" என்றேன்.

"பேச்சியும் இன்னும் ரெண்டு பேரும். வாசல் வரைக்கும் வர நேரமில்ல சார்."

கம்பெனியின் லைசென்ஸ் பறிபோனது. அறைகளை இடித்துவிட்டார்கள். ஒரு தடவை அந்த வழியாகப் போனபோது வேப்பமரமும் இல்லை, சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. அன்று மதியம் அவ்வளவு சிரித்தார்களே, அந்தப் பெண்களில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கலாம் என்றால், பேச்சியக்கா ஒருவரைத் தவிர வேறு யார் பெயரையும் நான் கேட்டு வைத்திருக்கவில்லை.